குஞ்சம்மாள் தலையில் நான் வைத்த கத்தி

செஞ்சிச் சந்தைக்கு எதிரே, புங்கமரத்தடியில் முப்பது வருஷமாக ஊராரின் தலைகளைக் கவனித்துவருகிறவன் நான். பெயர் தனகோட்டி. வைத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பார்கள். முடி வெட்டுவது, முகம் சிரைப்பது, கட்டியைக் கீறுவது, சளிக்குச் சூரணம் கொடுப்பது எல்லாம் ஒரே பையிலிருந்துதான் நடக்கும். அதனால் ஊரில் என்னைப் பரியாரி என்பார்கள். கோபம் வந்தால் வேறு மாதிரியும் சொல்வார்கள்.

என் பெண்டாட்டி குஞ்சம்மாள் மருத்துவச்சி. நான் வைத்தியம் பார்த்த கட்டிகளில் பாதி, எனக்குப் பயந்து தானாக உடைந்தவை. அவள் பார்த்த பிரசவங்கள் அப்படியில்லை. இந்த வட்டாரத்தில் ஓடியாடும் பிள்ளைகளில் இருநூறு பேராவது உலகத்தில் முதலில் பார்த்தது அவள் முகத்தைத்தான்.

அவளுக்குத்தான் முடி கொட்ட ஆரம்பித்தது. ஊர்த் தலையெல்லாம் என் கையில் இருக்க, என் வீட்டுத் தலை மட்டும் என்னை ஏமாற்றிவிட்டது.

முதல் இரண்டு வருஷம் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீப்பில் கொஞ்சம், தலையணையில் கொஞ்சம். அப்புறம் சோற்றில் வந்தது. அப்புறம் சோற்றில் வராத நாளே இல்லை என்று ஆயிற்று. நான் சும்மா இருப்பேனா? கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சினேன். செம்பருத்தி அரைத்துப் பூசினேன். சின்ன வெங்காயச் சாறு தேய்த்தேன். அதில் முடி வரவில்லை, எதிர்வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒரு தடவை ஆட்டுக் கொழுப்பை உருக்கி ஏதேதோ சேர்த்துத் தடவிவிட்டேன். தெருநாய்கள் மூன்று, ஒரு வாரம் வரைக்கும் அவள் பின்னாலேயே மரியாதையாக நடந்துபோயின.

முடி மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. சித்திரை வெயிலில், ராஜகிரிக் கோட்டைப் பாறையைத் தொட்டால் கை பொத்துப்போகும் வேளையில், அவள் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முகம் ஊதிப்போயிற்று. குரல் கட்டிக் கரகரத்தது. நாலு அடி நடந்தால் ஓய்வு. புருவத்தில்கூட வெளிப்பக்க முடி உதிர்ந்து, பாதிப் புருவம்தான் மிச்சம். மீதியை மையால் எழுதிக்கொள்வாள். சில நாள் அவசரத்தில் ஒன்று ஏறிவிடும். அன்றைக்கெல்லாம் நான் என்ன சொன்னாலும் அவள் நம்பாமல் பார்ப்பதுபோலவே இருக்கும். நம்பவில்லை என்பதும் உண்மைதான்.

இத்தனையிலும் அவள் பிரசவம் பார்க்கப் போவதை விடவில்லை. மெல்லிய முடியைச் சுருட்டி, அதில் சவுரி வைத்துப் பின்னி, கொண்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். விட்டது லட்சுமியம்மாள் வீட்டில்.

லட்சுமியம்மாள் மல்லாட்டை மண்டிக்காரர், அதாவது வேர்க்கடலை வியாபாரி, வீட்டு அம்மாள். அவர் மூத்த மகளுக்குப் பிரசவம். குஞ்சம்மாள் குனிந்து பெண்ணுக்கு இடுப்பு நீவிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் அண்டாவில் வெந்நீர். சவுரி கட்டுவதற்கும் தலையில் ஒரு பிடி முடி வேண்டுமே? அன்றைக்கு அந்தப் பிடியும் கைவிட்டுவிட்டது. சவுரி நழுவி அண்டாவில் விழுந்தது.

"பாம்பு! அண்டாவுல பாம்பு!" என்று லட்சுமியம்மாள் போட்ட சத்தத்தில், தெருவிலிருந்து நாலு பேர் தடியோடு வந்துவிட்டார்கள். ஒருவன் அதை அடித்தும் விட்டான். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் ஊரில் யாரும் பிள்ளையைப் பற்றிப் பேசவில்லை.

அன்றிலிருந்து குஞ்சம்மாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஆள் வந்து கூப்பிட்டால், "உடம்பு முடியல, வேற ஆளப் பாருங்க" என்று உள்ளேயிருந்தே சொல்லிவிடுவாள். பொழுது விடிந்ததும் கையைத் தேங்காய் எண்ணெய் போட்டு நீவிக்கொள்வாள், வேலைக்குப் போகிறவள் மாதிரியே. அப்புறம் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை. முடி போனது போகட்டும். அவள் மறுபடி ஒரு பிள்ளையைக் கையில் ஏந்த வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் என் சூரணத்தை எல்லாம் கட்டிவைத்துவிட்டு, அவளைத் திண்டிவனத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். அந்த அம்மாள் குஞ்சம்மாள் கழுத்தைத் தடவினார், புருவத்தைப் பார்த்தார், முழங்காலில் சின்னச் சுத்தியால் தட்டினார். "எத்தனை வருஷமா?" என்றார்.

"ஆறு வருஷமாங்க."

"இவ்வளவு நாள் யார் வைத்தியம்?"

நான் கூரையைப் பார்த்தேன்.

கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அது வேலையை நிறுத்திவிட்டதாம். அது சுரக்காததால்தான் குளிர், வீக்கம், களைப்பு, முடி உதிர்வு எல்லாம். ஆட்டின் கழுத்திலிருந்து எடுத்த அதே சுரப்பியைக் காயவைத்துச் செய்த மாத்திரை கொடுத்தார். தினம் காலையில் ஒன்று. ஆயுசு பூராவும்.

"ஆட்டுக்கறி நாங்க தின்றதுதாங்க. அதுலயே வராதுங்களா?" என்று கேட்டேன்.

"உங்க வைத்தியத்தை இன்னும் விடலையா நீங்க?" என்றார் அவர்.

பிறகு குஞ்சம்மாளிடம் பொறுமையாகச் சொன்னார். உடம்பு தேற ஒன்றிரண்டு மாசம். முடி வர அதற்கும் மேல் ஆகும். வரும், ஆனால் பழையபடி அவ்வளவும் வரும் என்று சொல்ல முடியாது. தேறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தக்கூடாது. இறுக்கிப் பின்னக்கூடாது, சவுரியைத் தொங்கவிட்டு வேரை இழுக்கக்கூடாது. கண்டதையும் காய்ச்சித் தேய்க்கக்கூடாது. கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் என்னைப் பார்த்தார்.

உலகச் சண்டைக் காலம். மாத்திரை அங்கே ஒரு மாசத்துக்கு மேல் தரமாட்டார்கள். மாசாமாசம் போய் வாங்கிவந்தோம். ஆட்டுச் சுரப்பி வேலை செய்தது. கம்பளி பெட்டிக்குள் போயிற்று. முகம் வற்றி, பழைய குஞ்சம்மாள் மெல்ல எட்டிப்பார்த்தாள். என்னைத் திட்டுவதற்குக் குரலும் திரும்பியது. ஆறாவது மாசம் தலையில் முடியும் முளைத்தது. அங்கொரு கொத்து, இங்கொரு கொத்து. கோழிக்குஞ்சு மாதிரி.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும்.

என் தொழிலில் பிறந்த எவனைக் கேட்டாலும் சொல்வான்: மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வரும். எங்கப்பன் சொன்னான், அவனப்பன் சொன்னான். எத்தனை குழந்தைகளுக்கு அடித்திருக்கிறேன், அப்புறம் எவ்வளவு அடர்த்தியாக வந்திருக்கிறது! அந்தக் குழந்தைகளுக்கு அடிக்காவிட்டாலும் வந்திருக்கும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை.

"ஒரே ஒரு தடவை வழிச்சுட்டா, எல்லாம் ஒரே சீரா வரும்மே" என்றேன்.

"டாக்டரம்மா சொல்லலையே?"

"அவங்க கழுத்து டாக்டரு. தலை என் டிப்பார்ட்மெண்டு."

"ஆறு மாசம் காத்திருந்து வந்த முடி."

"நான் எத்தனை தலை பாத்தவன்! என்மேல நம்பிக்கை இல்லையா?"

ஏறிய புருவம் இல்லாமலேயே நம்பாமல் பார்த்தாள். ஆனாலும் முன்னால் வந்து உட்கார்ந்தாள். என் முகத்தில் அப்படி ஒரு ஆசை இருந்ததாம், அதை உடைக்க மனசு வரவில்லையாம். பிற்பாடு சொன்னாள். நான் வழித்தேன். வேலை சுத்தம். தலை புது வெண்கலச் சொம்பு மாதிரி மின்னியது.

அடுத்த வாரம் மாத்திரை வாங்கும் முறை. எனக்குக் கல்யாணச் சவரம் ஒன்று வந்துவிட்டது. அவள் தனியாகக் கிளம்பினாள். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முகம் தெரியாமல், பஸ்ஸில் ஒரு ஜன்னலோரம்.

சண்டை முடிந்து மாசங்கள் ஆகியும் பெட்ரோல் கட்டுப்பாடு போகவில்லை. பஸ்ஸெல்லாம் கரியில்தான் ஓடின. பின்பக்கத்தில் ஒரு அடுப்பு. மேட்டில் நின்றால் இறங்கித் துருத்தி சுற்ற வேண்டும். சாயங்காலம் திரும்பி வரும்போது, வழியில் அவள் பிறந்த ஊரான வல்லத்தில் பஸ்ஸை நிறுத்திச் சாம்பல் தட்டியிருக்கிறார்கள். புகை மொத்தமும் குஞ்சம்மாள் பக்கம். முந்தானை காற்றில் பறந்துவிட்டது. கண் எரிந்து தாரை தாரையாகத் தண்ணீர். துடைத்துத் துடைத்து நெற்றிப் பொட்டும் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் செல்லப்பன் அந்தப் பக்கம் வந்திருக்கிறான். குஞ்சம்மாளுக்குச் சித்தப்பா மகன், வல்லத்துக்காரன். மொட்டைத் தலை, அழித்த பொட்டு, அழுத கண் மூன்றையும் சேர்த்துப் பார்த்தான். எங்கள் ஜாதியில் புருஷன் செத்தால் மொட்டை அடிக்கும் வழக்கமே கிடையாது. ஆனால் பதறிப்போனவனுக்கு வழக்கம் ஞாபகம் வருமா? கிட்டேபோய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கிற பெண்ணை நடுரோட்டில் நிறுத்திப் பேசக்கூடாது என்கிற மரியாதை! தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என் மைத்துனன் துரைக்கண்ணு வீட்டுக்கு ஓடினான்.

இதொன்றும் தெரியாமல் குஞ்சம்மாள் வீட்டுக்கு வந்து, மாத்திரையை மாடத்தில் வைத்தாள்.

"டாக்டரம்மா உன்னை வரச் சொன்னாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"முடி வேர்லருந்து வருது, கத்தியிலருந்து வரலன்னு உனக்குச் சொல்லணுமாம். கத்திய வீட்டுலயே வெச்சுட்டு வரணுமாம்."

"அப்போ... வழிச்சதால அடர்த்தியா வராதா?"

"வராதாம். கெட்டதும் இல்லையாம். ஆறு மாச முடிதான் போச்சு. மறுபடியும் முதல்லருந்து."

திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை புங்கமரத்தடிக்குப் போக மனமில்லாமல், வீட்டு வாசலிலேயே பலகையைப் போட்டேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் முகம் சிரைத்துக்கொள்ள வந்திருந்தார். ஒரு கன்னம் முடிந்தது. மறு கன்னத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கிறேன். தெருமுனையில் ஒப்பாரி கேட்டது.

"என் கோட்டை சரிஞ்சுதே! என் கூரை பறந்துதே! பச்சப் பந்தல் போட்ட கையி பாடையில போயிடுச்சே!"

நல்ல கணீர்க் குரல். "யார் வீட்ல?" என்றார் வாத்தியார், வாயைத் திறக்காமல்.

"தெரியலைங்களே. இந்தத் தெருவுல யாரும் இழுத்துகிட்டுக்கூட இல்லையே."

குரல் கிட்டே வந்தது. பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தோளைக் கட்டிக்கொண்டு என் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் குஞ்சம்மாளின் பெரியம்மா தைலம்மாள். வல்லம் பக்கத்தில் அவள் இல்லாமல் ஒரு சாவும் நிறைவாக நடந்ததாகச் சொல்லமாட்டார்கள். பின்னால் ஆண்கள். எல்லாருக்கும் முன்னால் கோபத்தில் சிவந்த கண்ணோடு துரைக்கண்ணு, கையில் ஒரு புடவைப் பொட்டலம். நான் முதுகைக் காட்டிக்கொண்டு, வாத்தியார்மேல் குனிந்திருந்தேன். அவன் என்னை யாரோ வேலைக்கு வந்தவன் என்று நினைத்துவிட்டான்.

"யோவ்! இந்த வீட்டுக்காரரு எப்போ செத்தாரு?"

நான் திரும்பினேன். "இன்னும் இல்லியே துரைக்கண்ணு. இன்னா விஷயம்?"

ஒப்பாரி பாதியில் நின்றது. தைலம்மாள் மட்டும் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்ததால் இன்னும் இரண்டு அடி பாடிவிட்டாள். என்னைப் பற்றி அவ்வளவு உயர்வாக யாரும் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. நிறுத்தாமல் இருந்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது.

"மாமா!" என்றான் துரைக்கண்ணு. அடுத்த நொடியே திரும்பி, "எங்கேடா அந்தச் செல்லப்பன்?" என்றான்.

செல்லப்பன் கூட்டத்தின் கடைசிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"நான் கண்ணால பாத்தேன்டா! அக்கா மொட்டையா பஸ்ஸுல உக்காந்து அழுவுது! இன்னான்னு நினைக்கிறது?"

"கேக்கறதுக்கு இன்னாடா? வாய் இல்ல உனக்கு?"

"துக்கத்துல இருக்கறவங்களை எப்பிடிறா கேக்கறது?"

"நாங்க ராத்திரி பூரா தூங்கல மாமா" என்றான் துரைக்கண்ணு, தழுதழுத்து. "செத்ததுக்குச் சொல்லி அனுப்பலையே, பொறந்த வீட்ட மறந்துட்டாளேன்னு ஆத்திரம் வேற. உன் பங்காளிங்ககிட்ட சண்டை போடணும்னு நாலு பேரைக் கூட்டிகிட்டு வந்திருக்கேன்."

"என்னோட போடறதா இருந்தா சரி. இந்தக் கன்னத்தை முடிச்சுட்டு வரேன்."

அப்போதுதான் உள்ளேயிருந்து குஞ்சம்மாள் வந்தாள். ஒப்பாரியைக் கேட்டு எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பதறி, முந்தானையைத் தலையில் போடவும் மறந்து, வாசல் நடுவே வந்து நின்றாள். முப்பது பேர். காலை வெயில் நேரே அவள் தலையில் விழுந்தது.

  அண்டாவில் சவுரி விழுந்ததற்கே ஒரு வருஷம் ஊருக்கு முகம் காட்டாமல் இருந்தவள். இனி ஆயுசுக்கும் வெளியே வரமாட்டாள் என்று நினைத்தேன்.

அவள் எல்லாரையும் வரிசையாகப் பார்த்தாள். கட்டிய தோள்களைப் பார்த்தாள். துரைக்கண்ணு கையைப் பார்த்தாள்.

"அது இன்னாடா?"

"ஒண்ணுமில்லக்கா" என்று முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"கோடியா?"

புருஷன் போனவளுக்குப் பிறந்த வீடு போடும் புதுப் புடவைதான் கோடி. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் சிரித்தாள். முதலில் மூக்கால், அப்புறம் வாயால், அப்புறம் தூணைப் பிடித்துக்கொண்டு. "இந்த மனுஷன் உயிரோட இருந்து பண்ற கூத்து போதாதா, செத்து வேற பண்ணணுமா?" என்றாள். தைலம்மாள் சிரித்தாள். அப்புறம் தெருவே சிரித்தது. வாத்தியாருக்குச் சோப்பு வாயில் போய்விட்டது.

"இதைத் திருப்பி எடுத்துட்டுப் போவக்கூடாதேக்கா" என்றான் துரைக்கண்ணு. "ரேஷன் கார்டுல வாங்கினது. என் பொண்டாட்டிக்குன்னு மூணு மாசமா காத்திருந்து..."

"எடுத்துட்டுப் போவச் சொன்னது யாரு? இந்தத் துணிப் பஞ்சத்துல! ஆளு செத்தாத்தானே அது கோடி? இங்க முழுசா நிக்குறாரு. அப்போ இது வெறும் புடவை. குடு."

வாங்கிக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள். அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு லட்சுமியம்மாள் வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"குஞ்சம்மா! சாவுன்னாங்களே?"

"சாவ வேண்டிய ஆள் வரலைங்கம்மா, தள்ளிப்போட்டாச்சு" என்றேன்.

அவர் என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. விஷயம் இதுதான். அவர் மருமகள் ரஞ்சிதத்துக்கு விடியற்காலையிலிருந்து வலி. தலைப்பிரசவம். தாய் இல்லாத பெண் என்பதால் தாய்வீட்டுக்கு அனுப்பாமல் இங்கேயே வைத்திருந்தார்கள். பேசிவைத்திருந்த மருத்துவச்சி பனமலைக்குப் போனவள் திரும்பவில்லை. ரஞ்சிதமோ, குஞ்சம்மாளைத்தான் கூப்பிடு என்று காலையிலிருந்து ஒரே பிடியாக இருக்கிறாள். அவள் பிறந்ததே குஞ்சம்மாள் கையில்தான்.

சொல்லிக்கொண்டே வந்தவர், அப்போதுதான் தலையைப் பார்த்தார். இரண்டு அடி பின்னால் போனார்.

"இன்னாடி இது கோலம்? சுமங்கலி இப்பிடி மழுங்க..."

எனக்கு வழி தெரிந்துவிட்டது. "திருப்பதி வேண்டுதலுங்கம்மா" என்று எடுத்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தையில் மொட்டை புண்ணியமாகிவிடும். லட்சுமியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூடக் கையைத் தூக்கிவிட்டார்.

"பொய்யிங்க" என்றாள் குஞ்சம்மாள். "சாமிய ஏன் இழுக்கறே? அம்மா, எனக்கு ஆறு வருஷமா உடம்புல ஒரு சீக்கு. முடி அதுல போச்சு. ஒட்டுவாரொட்டி இல்ல. மாத்திரை தின்றேன், உடம்பு நல்லாயிடுச்சு. முடி வரும்போது வரும், வராட்டி போகும். மொட்டை மட்டும் இவரு அடிச்சது."

"ஆமாங்கம்மா" என்றேன். "அது துக்கமும் இல்ல, வேண்டுதலும் இல்ல. என் மடத்தனம்."

லட்சுமியம்மாள் தவித்தார். உள்ளே ஒரு மனசு மருமகளிடம், ஒரு மனசு சகுனத்திடம். கடைசியில், "சரி, ஒண்ணு பண்ணு. தலையில நல்லா துணியக் கட்டிகிட்டு, கொல்லப் பக்கமா வந்துடு. யார் கண்ணுலயும் படாம" என்றார்.

நான் குஞ்சம்மாள் முகத்தைப் பார்த்தேன். போனால் போதும் எனக்கு. கொல்லைப்பக்கமோ கூரையைப் பிரித்தோ, எப்படியாவது போகட்டும். தோளிலிருந்த என் துண்டைக்கூட நீட்டிவிட்டேன்.

அவள் துண்டைத் தொடவில்லை.

"துணி கட்டினா நழுவும்மா. நழுவுதான்னு பாக்கறதுலயே என் கருத்து போயிடும். ஒரு தடவ அண்டாவுல விழுந்தது போதும். அன்னிக்கும் என் கையி சரியாத்தான் இருந்துது, நெனப்புதான் தலையில இருந்துது." கொஞ்சம் நிறுத்தினாள். "இப்போ பாருங்க, வல்லமே வந்து பாத்துட்டுது. இனிமே மறைக்க இன்னா இருக்குது? வர்றதுன்னா இப்பிடியேதான், முன்வாசல் வழியாத்தான் வருவேன். வேணான்னா இப்பவே சொல்லுங்க, திண்டிவனத்துக்கு வண்டி கட்டுங்க. நேரம் போவுது."

அதட்டல் இல்லை. வேலை தெரிந்தவள் வேலையின் விவரம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். லட்சுமியம்மாள் கோட்டை மலையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். திண்டிவனம் பதினெட்டு மைல்.

"சீக்கிரம் வாடி" என்றார்.

அவள் உள்ளே போய்க் குளித்து, அந்தப் புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். "ஐயோ, கோடிடி அது!" என்று முணுமுணுத்த தைலம்மாளை ஒரு பார்வையில் அடக்கினாள். நான் அவளுடைய பிரசவப் பையைத் தூக்கிக்கொண்டேன். கடைத்தெரு வழியாக அவள் வெறும் தலையோடு நடந்தாள். அரிசி மண்டியில் தராசு நின்றது. வெற்றிலைக் கடைக்காரன் வாயைத் திறந்தவன் மூடவில்லை. அவள் வழியில் நின்ற மாட்டைத் தள்ளிவிட்டுக்கொண்டு போனாள். பின்னால் நான். எனக்குப் பின்னால் சாவுக்கு வந்த முப்பது பேர். அவர்களுக்கு வேறு போக்கிடம் ஏது? வந்த காரியம்தான் நடக்கவில்லையே.

மண்டிக்காரர் வீட்டுக் களத்தில் வேப்பமர நிழலில் எல்லாரும் உட்கார்ந்தோம். உள்ளேயிருந்து ரஞ்சிதத்தின் சத்தம் வந்துகொண்டிருந்தது. இடையிடையே குஞ்சம்மாளின் குரல். கரகரப்பு இல்லாத குரல்.

"இன்னாக்கா உன் தலை இப்பிடி?" என்று வலிக்கு நடுவே ரஞ்சிதம் கேட்டது வெளியே கேட்டது.

"என் தலைய அப்புறம் பாக்கலாம். உன் புள்ளத் தலைய முதல்ல பாப்போம். மூச்ச இழு."

மத்தியானம் போயிற்று. வெயில் சாய்ந்தது. சத்தம் நீண்டு நீண்டு வந்தது. ஒரு கட்டத்தில் உள்ளே எல்லாமே அடங்கிப்போயிற்று. லட்சுமியம்மாள் கதவருகே நின்று என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த மொட்டைத் தலை இருந்தது. ஏதாவது ஆகிவிட்டால் ஊர் அதன்மேல்தான் பழி போடும். போட்டால் என்மேல் போடுங்கள் என்று வாய்வரைக்கும் வந்தது. 

அப்புறம் ஒரு அறை. பிட்டத்தில் விழுந்த அறை. அதற்கு ஒரு பதில்.

என்ன குரல்! தைலம்மாளே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தொண்டை நல்ல தொண்டை" என்றாள், தொழில்காரி தொழில்காரியை மதிக்கிறது மாதிரி.

பெண் குழந்தை. குஞ்சம்மாள் கதவைத் திறந்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினாள். தலை நிறையக் கருகருவென்று முடி. நெற்றிவரைக்கும் வழிந்திருந்தது.

"பாத்தீங்களா" என்றாள். "என்னைக் கேலி பண்ணணும்னே வந்திருக்குது."

சாவுக்கு வந்தவர்களுக்கு லட்சுமியம்மாள் வீட்டில் சர்க்கரையும் பானகமும் கொடுத்தார்கள். துரைக்கண்ணு மூன்று தம்ளர் குடித்தான். சண்டைக்கென்று வந்த நாலு பேரும் யாரோடும் சண்டை போடாமல் போவதா என்று செல்லப்பனைச் சுற்றிக்கொண்டார்கள்.

லட்சுமியம்மாள் தட்டோடு வந்தார். மருத்துவச்சிக்கு வைத்துக் கொடுக்கிற தட்டு. வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ரெண்டு முழம் மல்லிகைப் பூ. வெற்றிலையைக் கொடுத்தார். குங்குமத்தைத் தம் கையாலேயே நெற்றியில் வைத்தார். பூவை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். குஞ்சம்மாள் தலைக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை போனார். வைக்க இடமில்லை. வைக்காமல் அனுப்பவும் மனசில்லை. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"குஞ்சம்மா, நான் அன்னிக்குப் பாம்புன்னு கத்தினேனே..."

"கத்தினா கத்திட்டுப் போங்க. அந்தச் சவுரி பாக்க அப்பிடித்தான் இருந்துது" என்று, வேலை செய்த வலது கையை அவர் முன்னால் நீட்டினாள். "இங்க சுத்துங்கம்மா."

லட்சுமியம்மாள் அவள் மணிக்கட்டில் பூவைச் சுற்றினார். ரெண்டு முழமும். ஒவ்வொரு சுற்றாக, அவசரப்படாமல்.

திரும்பிப் போகும்போது கடைத்தெருவில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். மொட்டைத் தலை, புதுப் புடவை, கையில் மல்லிகைச் சரம். பெரிய மிராசுதார் வீட்டு மைனர் நடக்கிற மாதிரி அவள் முன்னால் வீசி நடந்தாள். வெற்றிலைக் கடைக்காரன் எழுந்து நின்று, "பொண்ணா புள்ளயா?" என்று கேட்டான். தலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பொண்ணு" என்றாள், நடையை நிறுத்தாமல்.

"பைய நான் தூக்கட்டா மாமா?" என்றான் துரைக்கண்ணு.

"வேணாம்டா" என்றேன். அன்றைக்கு அதை வேறு யாரிடமும் கொடுப்பதாக இல்லை நான்.